நடக்கலாம், உட்காரக் கூடாது

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இதைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் முழுவதும் கேட்டுவிட்டு, "கொரோனா நேரத்துல எல்லாருக்கும் மூளை கொஞ்சம் குழம்பித்தானே இருந்துச்சு" என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. எனக்குக் கெட்ட கோபம் வரும். என் மூளை நன்றாகத்தான் இருந்தது. குழம்பிக் கிடந்தது சட்டம்.

நான் போர்டு எழுதுகிறவன். ஊரடங்கில் கடை கண்ணி எல்லாம் மூடிக் கிடந்தபோது எனக்கு மட்டும் வேலை ஓயவில்லை. காரணம், ஏரிப் பூங்கா. ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை. அதன் வாசலில் ஒரு தகரப் பலகை. உள்ளே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அதில் எழுத வேண்டும். திங்கட்கிழமை 'அனுமதி இல்லை' என்று எழுதினேன். புதன்கிழமை அதை அழித்துவிட்டு 'நடப்பவர்களுக்கு மட்டும்' என்றேன். வெள்ளிக்கிழமை 'ஓடக் கூடாது'. டிவியில் ஒன்று சொல்வார்கள், ஒலிபெருக்கி வண்டி வேறொன்றைக் கத்திக்கொண்டு போகும். ஏரியில் நடக்கலாம், ஆனால் நடப்பதற்காக ஏரிக்கு வண்டியில் வரக் கூடாது என்று ஒரு வாரம் போலீஸ் எல்லாரையும் பாதி வழியில் திருப்பி அனுப்பியது. நாய் வைத்திருப்பவர்கள் வெளியே வரலாம் என்று எவனோ கிளப்பிவிட்டான். எங்கள் தெருக்காரர் ஒருவர் பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கினார். அது நடக்க மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. மனுஷன் அதைத் தூக்கிக்கொண்டே ஏரியைச் சுற்றினார்.

பூங்காவுக்குக் காவல் என் அக்கா வீட்டுக்காரர். மாமா என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. அக்காவுக்குத் தலைவலி என்றால் ராத்திரியெல்லாம் கண் மூட மாட்டார். ஆனால் அந்த விசிலைக் கழுத்தில் மாட்டினால் ஆளே மாறிவிடுவார்.

ஒருநாள் ஆபீசிலிருந்து புது உத்தரவு வந்தது. குழந்தைகள் விளையாடும் பகுதியில் யாரும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான். மாமா அதைத் தன் போனில் என்னிடமே படித்துக் காட்டினார்.

"போர்டுல 'நடக்கலாம், உட்காரக் கூடாது'ன்னு போட்டுடு."

"மாமா, விளையாடற இடத்துக்கு மட்டும்தானே சொல்லியிருக்காங்க?"

"எதுக்கு வம்பு? மொத்த ஏரிக்கும் போடு. நாளைக்கு எவனாவது என் தலையை உருட்டுவான்."

எழுதினேன். மாமா எல்லா சிமெண்ட் பெஞ்சுகளிலும் சிவப்பு வெள்ளை டேப்பைச் சுற்றிக் கட்டினார்.

அன்று மாலையே அந்த அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கையில் தண்ணீர் பாட்டில். தினமும் வருகிறவர்தான். வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் டேப்பை விலக்கிவிட்டு உட்கார்ந்தார். நான் போர்டுக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தேன்.

விசில்.

"எழுந்திருங்க. உட்காரக் கூடாது."

"ரெண்டு நிமிஷம் தம்பி. மூச்சு வாங்குது. டாக்டரே உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடக்கச் சொல்லியிருக்காரு."

"போர்டைப் படிங்க."

"என் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம்ப்பா. போய்ச் சேரவாவது மூச்சு வேணாமா?"

"விடுங்க மாமா, பாவம்" என்றேன் நான். மாமா என்னை முறைத்தார். "ஒருத்தருக்கு விட்டா ஊரே வந்து உட்காரும்டா."

அந்த அம்மா எழுந்தார். பலகைக்கு முன்னால் வந்து நின்று, காயாத எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை தம்பி, அப்பா என்று பேசியவர்.

"இதே பாதையில நீ நடக்கணும்டா. உட்கார இடமில்லாம நடக்கணும்."

சொல்லிவிட்டு நடந்தார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்னாலேயே போனார். அடுத்த பெஞ்சில் ஒரு விசில் கேட்டது. அதற்கடுத்த பெஞ்சில் இன்னொன்று. தூரத்தில் மறுபடியும். அப்புறம் கேட்கவில்லை.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் அந்த அம்மா விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போனது. "சாதாரண மயக்கம்தான்" என்றார் மாமா. ஆனால் அன்று சாப்பிடும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த அம்மா செத்துப் போயிருப்பார் என்றே நான் நினைத்தேன். மாமாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மாலை ஆறு பத்துக்கு அக்காவிடமிருந்து போன்.

"டேய், மாமா இன்னும் வரலைடா. அஞ்சு மணிக்கே பூட்டிட்டு வந்துடுவாரு. போனையும் எடுக்கல."

"வருவாரு. ஊரடங்குல எங்க ஓடிடப் போறாரு?"

"உன் கோவத்தை அப்புறம் வச்சுக்க. அவரைக் கூட்டிட்டு வாடா. எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா?"

அழுதாள். அதற்கு மேல் என்ன பேச? பெயிண்ட் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்டியைப் பார்த்தால்தான் போலீஸ் வழி விடும். ஊரடங்கு முழுக்க எனக்கு அதுதான் பாஸ்.

பூங்கா கேட் திறந்து கிடந்தது. பூட்டு சங்கிலியில் தொங்கியது. மாமாவின் சைக்கிள் சுவரோரம் இருந்தது. அப்போதுதான் தூறல் விட்டிருந்தது. பாதை விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இந்த நேரத்தில் ஏரித் தவளைகள் போடும் சத்தத்தில் காது அடைத்துப் போகும். அன்று ஒரு சத்தம் இல்லை.

"மாமா!"

முதல் பெஞ்சைத் தாண்டினேன். டேப் அறுந்து கிடந்தது. பெஞ்சு முழுக்க மழை ஈரம். நடுவில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காய்ந்திருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த பெஞ்சு. டேப் அறுந்திருந்தது. நடுவில் அதே காய்ந்த இடம்.

அதற்கடுத்த பெஞ்சிலும்...

விசில் கேட்டது. அப்பாடா, மாமா இங்கேதான் இருக்கிறார் என்று மூச்சு விட்டேன். வளைவில் அவர் வந்தார். வேக வேகமாக நடந்து வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்தார். நிற்கவில்லை. தாண்டிப் போனார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கை கொதித்தது.

"என்ன மாமா இது? நில்லுங்க!"

"நிக்க முடியலடா. நட... கூடவே நட."

"எப்போ இருந்து நடக்கறீங்க?"

"மத்தியானத்துல இருந்து."

மறுபடியும் விசில். எங்களுக்குப் பின்னால்.

மாமாவின் கழுத்தைப் பார்த்தேன். கயிறு இருந்தது. விசில் இல்லை.

"விசில் எங்க மாமா?"

"அவங்க வாங்கிக்கிட்டாங்க."

மாமா பக்கத்தில் இருந்த பெஞ்சைக் கண்ணால் காட்டினார்.

அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

சாய்ந்து, சௌகரியமாக. கேன்வாஸ் ஷூ இரண்டும் கழற்றிக் கீழே ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. மடியில் தண்ணீர் பாட்டில். வாயில் விசில். எங்களையே பார்த்தார்.

தாண்டினோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பெஞ்சு வந்தது.

அங்கேயும் அவர்தான்.

அதற்கடுத்ததிலும்.

மாமாவைக் கேட் பக்கம் இழுத்தேன். நான் மெலிந்தவன் இல்லை, பலகை தூக்கிப் பழகிய உடம்பு. இருந்தும் அவர் கால்கள் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாதைக்கே திரும்பின. மாமா அழுதார். "தெரியாம பண்ணிட்டேன்மா... மன்னிச்சுடுங்கம்மா..."

பெஞ்சிலிருந்து பதில் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"நடக்கலாம். உட்காரக் கூடாது."

"போர்டுலதானே போட்டிருக்கு? போர்டுலதானேம்மா!" என்று கத்தினேன். கத்தும்போதுதான் எனக்கு உறைத்தது.

போர்டு.

கேட்டுக்கு ஓடினேன். ஸ்கூட்டரிலிருந்து பெட்டியை இழுத்தேன். அவசரத்தில் டர்பன்டைன் பாதி கொட்டிப் போனது. மீதியைத் துணியில் நனைத்து, 'க் கூடாது' என்று இருந்ததை அழுத்தித் துடைத்தேன். எழுத்துக் கரைந்து கோடு கோடாக வழிந்தது.

பின்னால் விசில்... விசில்... விசில்...

நெருங்கி வந்தது.

பிரஷை நனைத்து 'லாம்' என்று எழுதினேன்.

உட்காரலாம்.

விசில் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். வாசல் பெஞ்சுக்கு முன்னால் மாமா நின்றிருந்தார். ஆம், நின்றிருந்தார். அந்த அம்மா பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"உட்காருப்பா."

"மாமா, வேணாம்!"

உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த அம்மா குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார். விசிலை வாயிலிருந்து எடுத்து மாமாவின் மடியில் வைத்தார். எழுந்து என்னிடம் வந்தார். கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை. அன்று போலவே பலகைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"உட்காரலாம்னு போட்டிருக்கீங்க. எழுந்திருக்கலாம்னு போடலையே தம்பி."

கேட்டைத் தாண்டிப் போனார்.

மணி ஆறே முக்கால். தவளைகள் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின.

"டேய்..." என்றார் மாமா. "என்னால எழுந்திருக்க முடியலடா."

அவரைத் தூக்கித்தான் கொண்டுவந்தேன். டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்தார்கள். நரம்பு நன்றாக இருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் ஏன் எழுந்து நிற்க முடியவில்லை என்று கேட்டதற்கு இன்னொரு சோதனை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளே நான் போய்ப் பலகையில் 'எழுந்திருக்கலாம்' என்று எழுதினேன். அதற்கு மேல் இரண்டு முறை கோட் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வேறொன்று நடந்தது. அன்று இரவு மாமாவைப் படுக்க வைத்ததும், போர்வைக்குள் அவர் கால்கள் அசைய ஆரம்பித்தன. வலது, இடது. வலது, இடது. தூங்கும்போதும் நிற்கவில்லை. மாமாவுக்கு அது தெரியவே இல்லை. அக்கா பிடித்துப் பார்த்தாள், நானும் பிடித்துப் பார்த்தேன். எங்கள் கையையும் சேர்த்துக்கொண்டு அவை நடந்தன.

கடைசியில், நாயைத் தூக்கிக்கொண்டு நடந்தாரே, அவரிடம் வழி கேட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். செத்துப் போனவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, பெற்ற பிள்ளையிடமாவது கேட்கலாம் என்ற நினைப்பு. மகள் கதவைத் திறந்து, தள்ளி நின்றே பேசினாள். அம்மா என்றைக்குப் போனார்கள் என்று கேட்டேன். ஒரு தேதி சொன்னாள்.

நான் மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்த நாள்.

"பூங்காவுல விழுந்த அன்னிக்கு இல்லையா?"

"இல்லைங்க. அன்னியில இருந்து ஆஸ்பத்திரியில நினைவே இல்லாம கிடந்தாங்க. கால் மட்டும்... போர்வைக்குள்ள நடந்துகிட்டே இருந்துச்சு. ராத்திரி பகலா. ரெண்டு நர்ஸ் பிடிச்சும் நிக்கல."

நாங்கள் ஏரியில் பார்த்தபோது அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறார்.

"எப்போ நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"அன்னிக்குச் சாயங்காலம். ஆறே முக்கால் இருக்கும். கால் நின்னுச்சு. லேசாச் சிரிச்சாங்க. கால் நின்ன அடுத்த நிமிஷம் உசுரு போயிடுச்சு."

அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

தினமும் விளக்கை அணைத்த பிறகு, அவள் மாமாவின் கால்கள் இரண்டையும் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். "கடவுளே, இந்தக் கால் நிக்கட்டும். ஒரு நிமிஷமாவது நிக்கட்டும்" என்று வேண்டிக்கொள்கிறாள்.

நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறேன்.

நின்றுவிடக் கூடாது என்று.