இலை போட்ட பாட்டிலும் என் மருமகளும்

என் மருமகளுக்கு ‘பிரேக்கு’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் என் சொந்தக்காரர்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். யார் எதைச் சொன்னாலும் ஓர் இடத்தில் நிறுத்தியும் விடுகிறாள். அதனால் கேலியாக வைத்தார்கள். பிரேக் இல்லாத வண்டியில் இவர்கள் ஏறுவார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவன். அடுத்தவனுக்கு ஏணி பிடித்து, சுவர் சுரண்டி, பிறகு சொந்தமாகப் பெயின்ட் கடை வைத்தேன். கீழே கடை, மேலே வீடு. யாருடைய தயவிலும் வந்ததல்ல. எங்கள் தெருவில் பாதிச் சுவர்களின் நிறம் என் கையில் பிறந்தது. அப்படிப்பட்ட என் எதிரில் நின்று ‘முடியாது மாமா’ என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். கல்யாணமான புதிதில், வேனை விட்டுவிடு என்று சொன்னேன். முடியாது என்றாள். மறுநாள் காலை அந்தப் பெரிய வேனை எங்கள் குறுகலான தெருவில் ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் திருப்பினாள். மாடியில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

பேத்தி பிறந்ததும் என் அக்கா தேன் பாட்டிலோடு வந்தாள்.

“நாக்குல ஒரு தடவு தடவினா போதும், சளி கிட்டயே வராது.”

“ஒரு வயசு ஆகற வரைக்கும் தேன் கூடாது பெரியம்மா. கைக்குழந்தைக்கு அது விஷமா மாறலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“என் தம்பிக்குக் குடுத்தோமே. இவன் என்ன கெட்டா போயிட்டான்?”

மருமகள் என்னை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒரு முறை பார்த்தாள். “மாமா தப்பிச்சிட்டாரு. இவளை வச்சு மறுபடியும் சோதிக்க வேணாம்.”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் மருமகள் மறுபடி வேன் எடுத்தாள். என் மனைவி காலமாகிவிட்டாள். பகலில் அக்காதான் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். சில வாரங்களில் பேத்தி பால் குடிக்க முகம் திருப்பினாள். குடித்ததையும் கக்கினாள். வயிறு கட்டிக்கொண்டது. மருமகள் சாயங்காலம் டாக்டரிடம் காட்ட நேரம் வாங்கினாள். “சத்துப் பத்தல, அதான் சோர்ந்து கிடக்கா” என்றாள் அக்கா.

அன்று மதியம் மருமகள் அவசரமாகப் படியேறி வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த விட்டமின் டி சொட்டு மருந்தைக் காலையில் கொடுக்க மறந்து, பாட்டிலைக் கைப்பையிலேயே எடுத்துப்போய்விட்டாளாம்.

“கவலைப்படாத, நான் குடுத்துட்டேன்” என்றாள் அக்கா.

“பாட்டில் எங்கிட்ட இருக்கே பெரியம்மா. எதைக் குடுத்தீங்க?”

அக்கா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். மேலே பச்சை இலைப் படம் போட்டிருந்தது. “இது மருந்து இல்ல. இயற்கையானது. தினம் குடுக்கறேன். பால் குடிக்காததால ரெண்டு நாளா கூடவே குடுக்கறேன்.”

சாப்பிட வந்திருந்த என் மகன் மெதுவாகத் தட்டைத் தள்ளினான். “எலும்புக்கு நல்லதுன்னு நானும் ஒண்ணு வாங்கி வச்சு, ராத்திரி ராத்திரி குடுக்கறேன்.”

மருமகள் அதையும் எடுத்துவந்து, மூன்று பாட்டிலையும் ஜன்னலோரம் வைத்து, சின்ன எழுத்தைப் படித்தாள். மூன்றிலும் அதே விட்டமின் டி.

எனக்குக் கடைதான் நினைவுக்கு வந்தது. கடையில் வெள்ளைப் பெயின்டில் நிறத்துக்காக ஸ்டெய்னர் சாயம் சில சொட்டு விடுவோம். ஒருத்தன் விட்டது தெரியாமல் இன்னொருத்தனும் விட்டால் அந்த டின் பாழ். அதனால் விட்டவன் மூடியில் விரலால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் யாரும் தொடக்கூடாது. கடை தொடங்கிய நாளிலிருந்து நான் போட்ட சட்டம் அது. டின்னை வீசிவிடலாம். குழந்தையை?

“இயற்கைன்னுதானேடி போட்டிருக்கு” என்றாள் அக்கா.

“இலை வெளியில இருக்கு பெரியம்மா. உள்ள இருக்கறதுக்கு அளவு இருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். வேன் சாவியை மேசைமேல் வைத்தாள். “நான் வேலைய விட்டுடறேன் மாமா. இவ வாயில என்ன போகுதுன்னு தெரியாம என்னால ஸ்டீயரிங் பிடிக்க முடியாது.”

“அதத்தானே ஆரம்பத்துலயே சொன்னேன்” என்றாள் அக்கா.

என்னை வளர்த்தவள் அவள். ஆனாலும் சொன்னேன்: “அவ வேன் ஓட்டுவா அக்கா. போக வேண்டியது பாட்டிலுங்கதான்.”

“மருமக கால்ல விழுந்துட்டியா?”

“ஆமா, விழுந்துட்டேன். நீ ஊரெல்லாம் போய்ச் சொல்லு.”

போனாள், சொன்னாள். நாங்கள் சாயங்காலம்வரை காத்திருக்காமல், மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அப்போதே டாக்டரிடம் ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விட்டமின் அளவு மீறியிருந்தது; விட்டிருந்தால் சிறுநீரகம்வரை போயிருக்கும் என்றார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பேத்தி மெல்ல மெல்லப் பால் குடிக்கத் தொடங்கினாள். மறுபடி ரத்தம் பார்த்த பிறகு, தான் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு பாட்டிலை மட்டும் தொடரச் சொன்னார்.

அன்று மருமகள் கடைக்கு இறங்கி வந்தாள். “உங்க பொட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் மேல கொண்டு வாங்க மாமா.”

கொண்டுபோனேன். சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், சிவப்புச் சாயம் ஒரு மூடியில். மருந்து கொடுப்பவர் அன்றைய தேதியில் பொட்டு வைக்க வேண்டும். சாவி மறுபடி மருமகள் இடுப்பில் ஏறியது; பகலில் பேத்தி என் பொறுப்பு.

சொந்தக்காரர்கள் இப்போதும் பேசுகிறார்கள். பெயின்ட்காரனுக்கு வீட்டில் பேச்சு இல்லையாம். பேசட்டும். என் பேத்தி தவழ்ந்து வந்து என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள். அவர்கள் பேச்சுக்கு அதுதான் என் பதில்.

கோபம் தணிந்து அக்கா வந்தாள், வெறுங்கையோடு. காலண்டரில் வரிசையாக இருந்த சிவப்புப் பொட்டுகளை விரலால் தொட்டுக்கொண்டே போய், அன்றைய தேதியில் நிறுத்தினாள்.

“இன்னிக்குப் பொட்டு இல்ல. நான் குடுக்கலாமா?”

மருமகள் பாட்டிலை நீட்டினாள். “டாக்டர் சொன்ன அளவுதான் பெரியம்மா.”

“தெரியும் போடி, பிரேக்கு.”

கொடுத்து முடித்துக் கட்டைவிரலை முழுசாக முக்கி அக்கா வைத்த பொட்டு, அன்றைய கட்டத்தைத் தாண்டி மறுநாள் தேதியிலும் பாதி ஏறிவிட்டது. வேனுக்குக் கிளம்பிய மருமகள் வாசலிலிருந்து திரும்பி வந்து, ஈரத்துணியால் மறுநாளை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனாள்.