கரப்பானுக்கு வைத்த உருண்டை

ஜெயக்கொடி அதை முதலில் பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலையில். புருஷன் சுருளிக்குக் கால் துடைத்துவிட ஈரத்துணியோடு உட்கார்ந்தவள், அவருடைய இடது குதிகாலில் தோலைச் சுரண்டி எடுத்தாற்போல் வெள்ளை வெள்ளையாக இருப்பதைக் கண்டாள். பெருவிரல் ஓரத்தில் சதையே தெரிந்தது.

"ஏங்க, இது என்னா புண்ணு? வலிக்கலையா?"

"எதுங்கிற?" என்றார் சுருளி.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். அந்தக் காலில் நெருப்பை வைத்தாலும் அவருக்குத் தெரியாது. போதாததற்குச் சர்க்கரை வியாதி வேறு. ஜெயக்கொடி மெத்தை ஓரத்தைத் தூக்கினாள். ஏழெட்டுக் கரப்பான்கள் சிதறி ஓடின.

சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டியின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. அந்த மண்டியில் சுருளி இருபத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கியவர்.

ஸ்பிரே அடித்தால் அவருக்கு மூச்சு முட்டியது. மெடிக்கல் கடைக்காரர், கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரைக் கொடுத்தார். "கோதுமை மாவும் சீனியும் கலந்து, பாலை ஊத்திப் பிசைஞ்சு வைங்கக்கா. தின்னுட்டுப் போயி பொந்துக்குள்ளயே சாகும்."

சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, சிலிண்டருக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில், சாக்கடைக் குழாய் ஓரத்தில் என்று வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் அறையெங்கும் மல்லாந்து கிடந்தன. கூட்டக் கூட்ட வந்தன.

"அடேயப்பா, எம்புட்டு!" என்று சுருளி படுத்தபடியே சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிருந்தது.

பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு மண்டியில் நாலு லாரி வெங்காயம் இறங்கியது. அழுகியதைப் பின்பக்கம் குவித்தார்கள். கரப்பான்கள் மறுபடி வந்தன. குழாய் ஓட்டையை அவள் சிமெண்ட் வைத்து அடைத்தாள். ஒயர் போகும் சந்து வழியாக வந்தன. அவள் மண்டி முதலாளி செல்வக்குமாரிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, ஒங்க பக்கத்துல இருந்துதான் வருது. அவரு காலையே தின்னுருச்சு."

செல்வக்குமார் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மண்டின்னா கரப்பான் இருக்கத்தான்க்கா செய்யும். வேற எடம் பாத்துக்கங்க."

சுருளி எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அவள் வீட்டில் சொல்லவும் இல்லை.

அடுத்த மாதம் பெருவிரல் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அழுகல் மேலே ஏறினால் முழங்கால்வரை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் அவள் திரும்பவும் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சுருளி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, எனக்கு ஒண்ணு குடு."

"டீயா? இந்தா போட்டுத் தாரேன்."

"டீ இல்ல. அந்த உருண்டைல."

அவள் கை அப்படியே நின்றது.

"என்னா பேச்சு பேசுறீங்க?"

"இப்பிடிக் கொஞ்சங் கொஞ்சமா அதுகளுக்குத் திங்கக் குடுக்குறதுக்கு..." என்றவர் முடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயக்கொடி மூலை முடுக்கெல்லாம் தடவி, வைத்திருந்த உருண்டைகளையெல்லாம் பொறுக்கி, பிசைந்த மாவையும் மிச்சப் பவுடரையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு ஓடினாள். திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். வலது கையை ஊன்றி அவரால் தரையில் நகர முடியும். இனி அந்த வீட்டில் அதை வைக்க முடியாது.

நாலே நாளில் கரப்பான்கள் பழையபடி ஆகிவிட்டன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வீடுகளையும் அவள் விட்டுவிட்டாள். அவர் காலைப் பழைய சேலைத்துணியால் முழங்கால்வரை சுற்றிக் கட்டுகிறாள். மணிக்கொரு தரம் அவிழ்த்துப் பார்க்கிறாள்.

நேற்று துணியை அவிழ்த்தபோது, மடிப்புக்குள்ளிருந்து வெளிறிய கரப்பான் குஞ்சு ஒன்று ஓடியது. அவள் அதை அடிக்கக்கூடக் கை ஓங்கவில்லை. துணியை உதறி, மறுபடியும் சுற்றத் தொடங்கினாள்.