மகளைத் தூங்கவைத்த பிக்கப்

என் கிட்டார் இசைதான் ஐந்து மாத மகளைத் தூங்கவைக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலை பார்த்த பனியன் கம்பெனியில் டீ கொண்டுவருபவரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தேன். அவர் மறுத்ததில்லை, கேட்கவுமில்லை.

என் மனைவியும் அதே கம்பெனியில் டெய்லர். எட்டாம் மாதம் வரைக்கும் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் லீவு போட்டாள். பிள்ளை பகலில் கண்ணை மூடாது. சாயங்காலம் நான் போகும்போது அவள் சுவரில் சாய்ந்தபடி தள்ளாடிக்கொண்டிருப்பாள். பிள்ளை தூங்கினால்தான் அவளும் தூங்க முடியும்.

அதனால் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரை வைத்து வாசிப்பேன். கம்பியின் அதிர்வை வாங்கி அனுப்பும் பிக்கப் என் கிட்டாரில் இரண்டு. கீழே இருப்பதைப் போட்டால் சத்தம் ஊசியாகக் குத்தும், பிள்ளை வீறிடும். கழுத்துப் பக்கம் இருப்பது குழைவானது, ஆனால் குரல் சின்னது. துணி ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்தால் போதும், என் தாலாட்டு காணாமல் போய்விடும், பிள்ளை சிணுங்கும்.

ஒன்றை அப்போதே கவனித்திருக்கலாம். நான் வாசிக்கும்போது மகள் தூங்கமாட்டாள். கைவலித்து நிறுத்தும்போதுதான் கண் சொருகும். இறக்கிவைத்த சோறு சூட்டிலேயே வேகிற மாதிரி, பாட்டும் நின்ற பிறகு வேலை செய்கிறது என்று மனைவிக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு கோயமுத்தூர் இசைக்கருவிக் கடைக்குப் போய், கழுத்துப் பக்கத்துக்குச் சத்தம் அதிகமான பிக்கப் வேண்டும் என்றேன்.

"என்னங்க வாசிப்பீங்க?" என்றார் கடைக்காரர்.

"தாலாட்டுங்க."

"தாலாட்டுக்கு எதுக்குங்க அத்தன சத்தம்?"

"ரோட்டுல டெம்போ போகுதுங்க."

ஒன்றை எடுத்து வைத்தார். "அப்ப இதையே போடுங்க. உள்ள ரெண்டு சுருளு. சத்தமும் பெருசு, சும்மா இருக்கையில வர்ற உறுமலும் இருக்காதுங்க."

கடையிலேயே அதைக் கிட்டாரில் மாட்டிக்கொண்டு வந்து அன்று சாயங்காலமே வாசித்தேன். டெம்போ ஹாரன் தோற்றுப்போனது. மகள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். இரண்டாவது பாட்டுக்குக் காலை உதைத்துச் சிரித்தாள். நிறுத்தினேன். அறை நிசப்தமானது. உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, பாட்டு நல்லாத்தான் இருக்குது," என்றாள் மனைவி. "அந்த ம்ம்ம்னு ஒண்ணு வருமே, அது எங்கீங்க?"

"அது கோளாறு. சரி பண்ணியாச்சு."

"தைக்காம சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம்ம கம்பெனி மிஷின் மோட்டார் அப்படித்தானுங்க இரையும். வவுத்துக்குள்ள இருந்து அதத்தான கேட்டிருக்கா."

"அப்ப என் பாட்டு?"

"அதயும் பொறுத்துக்கிட்டுத் தூங்குனா, என்னைய மாதிரி."

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே கடை.

"என்னாச்சுங்க, சத்தம் பத்தலீங்களா?"

"உறுமல் பத்தலைங்க."

பழைய பிக்கப்பையே மாட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். கிட்டாரைத் தொட்டில் பக்கம் பாயில் கிடத்தி, ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். ம்ம்ம் என்று அறை நிறைந்தது. முதலில் மனைவியின் தலை சாய்ந்தது, பிறகு மகளின் கண் சொருகியது. தெருவில் டெம்போ ஒன்று ஹாரன் அடித்துப் போனது. இருவரும் அசையவில்லை.

என் விரல் சும்மா இருக்காமல் கம்பிப் பக்கம் போனது.

"வேண்டாமுங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே.