வளைவில் சாயாத கார்

வருடத்தில் இரண்டே நாள் கோவைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக, மற்ற நாளெல்லாம் வலங்கைமான் சாலையில் ஓடும் என் காருக்கு மிகக் கடினமான ஸ்பிரிங்குகளை மாட்டினேன். வளைவில் வண்டி சாயக் கூடாதாம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

தஞ்சாவூரில் கர்ப்பப்பை அறுவை முடிந்த மனைவியை அதே காரில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒவ்வொரு மதகு மேட்டிலும் அவள் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு முனகினாள்.

“மெதுவாப் போங்களேன்.”

“இருபதுலதான் போறேன். ஸ்பிரிங் அமுங்காது, அதான் குலுக்கல் நேரா சீட்டுக்கு வருது. ஆனா பாரு, வளைவுல துளிகூடச் சாயல.”

“நான் சாஞ்சிடுவேன் போலருக்கு. நிறுத்தி ஒரு ஆட்டோ புடிங்க.”

நான் சிரித்தேன். பாபநாசம் வருவதற்குள் அவள் புடவையில் ரத்தம் தெரிந்தது. தையல் பிரிந்திருந்தது. அதே மேடுகளில் ஏறி இறங்கித் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். இந்த முறை வேகமாக.

“பைக்லயா கூட்டிட்டுப் போனீங்க?” என்றார் டாக்டர்.

“கார்தாங்க.”

இப்போது தினமும் ஓட்டும் சாலைக்கு ஏற்ற மென்மையான ஸ்பிரிங்குகளைத்தான் மாட்டியிருக்கிறேன். மாட்டியதும் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, பின்சீட்டில் நானே வலங்கைமான் வரை உட்கார்ந்து பார்த்தேன். பந்தயத் தடத்தில் வண்டி சாய்கிறது, கடைசியாக வருகிறேன். மனைவி மறுபரிசோதனைக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள்.