பொன்னுசாமி பார்க்காத சிவப்பு விளக்கு

போன வாரம் பொன்னுசாமியோடு சென்னைக்குப் போய்த் திரும்பினேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

யார் இந்தப் பொன்னுசாமி? மலைமேல் வாழவந்தி நாட்டில் நான் வாத்தியாராக இருக்கும் ஊரின் ஒரே ஜீப் டிரைவர். பிரசவமோ பாம்புக்கடியோ, மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் அவர்தான். அவருக்கு ஒரு நோட்டீஸ். சென்னையில் அவருடைய பைக் மூன்று முறை சிவப்பு விளக்கைத் தாண்டியதாம்... கேமரா பிடித்ததாம். நேரில் வராவிட்டால் லைசென்ஸ் முடக்கம்!

மனுஷர் அதுவரை சென்னையையே பார்த்ததில்லை.

பைக்கை அவர் எப்போதோ விற்றாயிற்று. எப்படி? மலை வழக்கப்படி — ஊர்த் தலைவரான கவுண்டர் முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றி, சாவியைக் கையில் கொடுத்து. ஊரே பார்த்த விற்பனை. ஆர்.சி. புக்கில் பெயர் மாற்ற யாருக்குத் தோன்றும்? வாங்கியவன் பிழைப்புக்குப் பட்டணம் போனவன், போனவன்தான்.

ஆபீஸில் அதிகாரி போட்டோவை நீட்டினார். ஓட்டுகிறவனின் முதுகும் நம்பர் பிளேட்டும்தான் தெரிந்தன.

"இது உங்க வண்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னுசாமி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "ஆமாங்க, நம்ம வண்டிதானுங்க. பிளேட்டுல எம் புள்ள பேரு இருக்குது பாருங்க. ஓட்டுற பையன் நல்லாத்தான் வெச்சிருக்கான்."

அதிகாரி எழுதிக்கொண்டார் — வண்டி தன்னுடையதே என ஒப்புக்கொண்டார்.

விற்றுவிட்ட கதையை அதன்பிறகு சொன்னோம். "பேப்பர் இருக்கா?"

"கவுண்டர் இருக்காருங்க. கூட்டியாரட்டுங்களா?"

ஓட்டியது யார் என்று ஓனர்தான் நிரூபிக்க வேண்டும், சட்டம் அப்படி என்றார் அதிகாரி. முதலிலேயே விற்றுவிட்டேன் என்றிருந்தால் விசாரணைக்காவது அனுப்பியிருக்கலாமாம். கெட்ட மனிதரும் இல்லை அவர். யாரைத் திட்டுவது?

லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம். ஜீப் சும்மா நிற்கிறது. நேற்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பில் தூளி கட்டி பஸ் ரோடு வரை தூக்கிப் போனார்கள். முன்கம்பு பொன்னுசாமி தோளில்! பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

இன்று பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க சார், இனிமேலு போட்டோவக் காட்டிக் கேட்டா என்னன்னு சொல்லோணுங்க?"

"தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

அடுத்த பீரியட் எனக்கு நீதிபோதனை வகுப்பு.