எமிலி மைனியின் காது

பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் சேலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் ஷீலாவிடமிருந்து போன் வந்தது. "மாமி, அம்மா போயிட்டாவ" என்றாள். காலையில் பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டு, கோப்பையை மேசைமேல் வைத்து, நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நான் சேலையை அப்படியே விட்டுவிட்டு பாறசாலை பஸ்ஸில் ஏறினேன்.

எமிலி மைனி என் அண்ணன் டென்னிசனின் மனைவி. அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்போம். எங்கள் சபையில் அவரை நர்ஸ் எமிலி என்று அறிவார்கள். கடலுக்கு அப்பால் சில ஊர்களில் அவரை வேறுவிதமாக அறிவார்கள். சோல் என்கிற பழைய அமெரிக்கக் கறுப்பினப் பாட்டு வகையின் இசைத்தட்டு ஒன்றைக் காட்டினால், அது அந்தக் காலத்து அசலா, பிறகு யாரோ திருட்டுத்தனமாக அச்சடித்த நகலா என்று சொல்லக்கூடியவர் என்று. அந்த எமிலியைச் சபையில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெள்ளறடையில் பிறந்தவர். நர்சிங் படித்து, இருபது வயது தாண்டியதும் இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஆலை நகரத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனார். அங்கே கூட வேலை செய்த மார்கரெட் என்ற பெண், ஒரு சனிக்கிழமை அவரை நடன அரங்குக்கு அழைத்துப் போனாள். ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பாட்டுக்கு ஆடும் இடம் அது. அந்தப் பாட்டுகள் சொந்த நாட்டில் விலைபோகாமல் ஒதுக்கப்பட்டவை. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சிறிய தட்டுகள். எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் அடிபிடி.

"நம்ம சபையில கன்வென்ஷனுக்குப் பாடுத மாதிரியாக்கும் இருந்தது, தங்கம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "தேவனைக் கூப்பிடுத எடத்துல காதலனைக் கூப்பிடுதாவ. அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த அரங்கில் ஒரு பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் பாடியது. போனவன் திரும்பி வருவான் என்று கதவைப் பூட்டாமல் வைத்திருப்பதைப் பற்றியது. அந்தத் தட்டைத் தேடத் தொடங்கியபோதுதான் நகல்கள் அவர் கையில் சிக்கின. ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து அண்ணனும் அங்கே போய் ஒரு நூல் ஆலையில் சேர்ந்தார். அண்ணனுக்குப் பாட்டில் ஈடுபாடு கிடையாது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்காத துக்கமே அவருக்குப் பெரிதாக இருந்தது. ஆனாலும் மைனியின் பிறந்தநாளுக்குக் கடை கடையாக ஏறி அந்தத் தட்டை வாங்கி வந்து கொடுத்தார்.

மைனி அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இது ஒறிஜினல் இல்ல" என்றார்.

அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. "பாட்டு ஒண்ணுதானே?"

"பாட்டு ஒண்ணுதான். தட்டு வேற."

பாட்டு முடிந்த பிறகு, தட்டின் நடுவில் ஒட்டிய பெயர்ச்சீட்டைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு வளையம் வரும். அசலில் அந்த வளையத்தில் எழுத்துகள் எந்திரத்தால் பதித்தவை, சீராக இருக்கும். அண்ணன் கொண்டுவந்ததில் யாரோ கையால் கீறியிருந்தார்கள். பிறகு ஊசியை வைத்துக் காட்டினார். பாட்டு தொடங்குமுன் கறகறவென்று ஒரு சத்தம். "தட்டுல ஒரு கீறல் உண்டா, பாருங்க. புத்தம்புதுசு. அப்ப இந்தச் சத்தம் எங்கேருந்து வருது? வேற ஒரு பழைய தட்டைப் போட்டு, அதைப் பதிஞ்சு எடுத்துருக்காவ. அதுக்க கீறலும் கூடவே வந்துட்டு."

அண்ணன் பல நாள் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாராம். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கெளம்பு. ஒறிஜினலைத் தேடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர்களுடைய சனிக்கிழமைகள் எல்லாம் அப்படியே போயின. பழைய சாமான் கடைகள், சர்ச் வளாகத்து விற்பனைகள், மூடப்போகும் கடைகள். ஷீலா பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதும் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டே பிடிக்காத அண்ணன், சீட்டின் நிறம் பார்த்தே நகலைத் தள்ளிவைக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். வேறு எத்தனையோ நல்ல தட்டுகள் கிடைத்தன. தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

"பிறந்தநாளும் அதுவுமா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போவும், மைனி?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"சொல்லிருந்தா அந்தத் தட்டு அலமாரியில இருந்துருக்கும். அவரு அவருக்க வழி, நான் எனக்க வழி. உள்ளதைச் சொன்னதுனாலயாக்கும் அவரு எனக்கக் கூட வந்தாரு."

ஓய்வு பெற்று இருவரும் பாறசாலைக்கே வந்து வீடு கட்டினார்கள். ஷீலாவும் பக்கத்திலேயே வேலை தேடிக்கொண்டாள். சில வருஷங்களில் அண்ணன் போய்விட்டார். மைனி தனியாக இருந்துகொண்டு, போனில் படம் அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்லிவந்தார். நகல் என்றால் நகல் என்பார். மழுப்பமாட்டார். ஆனால் அதைச் சொல்லுமுன், இந்தத் தட்டு உங்களிடம் எப்படி வந்தது என்று விசாரிப்பார். அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்பார். மனம் நோகப்போகிறவர்களிடம் நர்ஸ் பேசுகிற பேச்சு அது.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கரெட்டின் கணவர் இறந்தார். அவரும் தட்டு சேர்த்தவர்தான். ஒரு பெட்டி நிறைய நகல் என்று அவரே ஒதுக்கி வைத்திருந்தாராம். மார்கரெட் வீடியோவில் வந்து, அந்தப் பெட்டியில் எது வேண்டுமோ சொல், அனுப்புகிறேன் என்றாள். அன்று நான் மைனியின் பக்கத்தில் அமர்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, மைனி தலையசைத்து வந்தார். ஒன்றில் கையை உயர்த்தினார். அந்தக் கதவு பூட்டாத பாட்டு.

வெளிச்சத்தில் சாய்க்கச் சொன்னார். வளையத்துக்குக் கிட்டே போனைக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு, போட்டுக் காட்டு என்றார். மார்கரெட் ஊசியை இறக்கினாள். ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. அந்த அமைதியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் எழுந்தது.

மைனி கண்ணை மூடிக்கொண்டார். நகல்களையே கேட்டுக் கேட்டு, கறகறப்போடுதான் அந்தப் பாட்டு தொடங்கும் என்று அவருடைய காது பழகியிருந்தது. நடன அரங்கின் இரைச்சலில் தொடக்கம் யாருக்குக் கேட்கும்? "இப்படியாக்கும் தொடங்குது" என்றார் என்னிடம். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "உங்க அண்ணனுக்கு இது கேக்கக் குடுத்து வைக்கல்லியே."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மார்கரெட்டிடம் சொன்னார்: "இதை எனக்கு அனுப்பாதே. இது அசல். உன் கணவர் தெரியாமல் தப்பான பெட்டியில் போட்டுவிட்டார்." மார்கரெட் ஊசியைத் தூக்கினாள். அப்படியென்றால் கட்டாயம் உனக்குத்தான் என்றாள். மைனி மறுத்தார். உன் கணவர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததில் மிக நல்ல தட்டு இதுதான், அது அவர் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "மைனி, அவியளே தாறேன்னு சொல்லுதாவ. இவ்வளவு காலம் தேடினது இதுக்குத்தானே?"

"தேடினது கேக்கதுக்காக்கும், தங்கம். கேட்டாச்சு. புருஷன் போன வீட்டுல அவளுக்கும் எதாவது ஒண்ணு வேணும்லா?"

அதன்பின் சனிக்கிழமை மாலைகளில் மார்கரெட் அங்கிருந்து அந்தத் தட்டைப் போடுவாள். அவளுக்கு அது மதிய நேரம். மைனி தரையில் கொஞ்சம் பவுடர் தூவுவார். கால் வழுக்கிக்கொண்டு போவதற்கு. அந்த அரங்கில் அப்படித்தான் செய்வார்களாம். சேலையைச் சற்று தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுவார். எழுபது கடந்த உடம்பு என்று சொல்லமுடியாது. "எழும்பி வா மக்கா, முட்டுவலி எனக்கும் உண்டு" என்று என்னையும் இழுத்துவிடுவார். இரண்டு நாடுகளில் இரண்டு விதவைகள் ஆட, நடுவில் நானும் ஏதோ ஆடினேன்.

அடக்கத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பியபின் அவர் ஊசி போட்ட பிள்ளைகளும், சர்க்கரைக்கு அவர் திட்டி மருந்து தின்னவைத்தவர்களும். மார்கரெட் போனில் வந்தாள். கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தபோது வழியில் கோயில் உற்சவத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு, துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். நல்ல மனசு. நான் கூட்டத்தை விட்டு அவரிடம் போனேன்.

"அணைக்க வேண்டாம் மக்கா. பாடட்டும்" என்றேன். "போறது எங்க எமிலி மைனியாக்கும்."

அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு உள்ளே பார்த்துக் கையசைத்தார். பாட்டு மெல்லத் திரும்ப எழுந்தது. போய் வாருங்கள், மைனி. தெரு வளைவு தாண்டும்வரை உங்கள் பெட்டிக்குப் பின்னால் பாட்டு வந்துகொண்டே இருந்தது.