எல்லோரும் கேட்ட உத்தரவு

ஸ்டெல்லாவைக் கொன்றது எங்கள் மேற்பார்வையாளரின் உத்தரவு. கவனக்குறைவால் இறந்தாள் என்று நிறுவனம் எழுதிவைத்திருப்பது பொய். அவளோடு வேலை செய்த எல்லோருக்கும் இது தெரியும்.

அவள் இறந்த செய்தி வரும்போது நான் புதுக்கோட்டை அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுமாவடிப் பக்கம் ஒரு கேட்வே காலையிலிருந்து அணைந்து அணைந்து வந்தது. ஊரின் தெருவிளக்குகள் எல்லாவற்றோடும் கம்பியில்லாமல் பேசும் பெட்டி அது, கம்பத்தின் உச்சியில் இருக்கும். திடீரென்று பச்சையாகி நின்றது. "சரியாக்கிட்டா" என்று பக்கத்து இருக்கை ராஜாவிடம் சொன்னேன். அப்போதுதான் போனில், கம்பத்தடியிலிருந்து வண்டி ஓட்டுநர் முருகேசன் அண்ணன் கத்தினார்: "தம்பி, புள்ள விழுந்துருச்சு!"

ஸ்டெல்லாவும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவளுக்கு உயரத்தில் பயமில்லை, வாய்க்கும் பூட்டில்லை. ஒருமுறை ஒரு தெரு மட்டும் திரையில் வரவே இல்லை. சிம்மை மாற்றினோம், போர்டை மாற்றினோம். கடைசியில் பார்த்தால், மீன் கடைக்காரர் புதிதாக நிறுத்திய தகர விளம்பரம் ஆண்டெனாவை மறைத்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அவரிடம் போனாள்.

"அண்ணே, ஒங்க தகரம் லைட்டு பேசுறத மறைக்குது."

"லைட்டு பேசுமா?"

"எந்நேரமும் பேசும். ஒங்களுக்குத்தான் கேக்காது. அக்கா பேசுறதே கேக்காதுங்கிறாங்களே!"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். தகரம் இறங்கியது.

பெட்டியில் கை வைக்கும் முன், மின்சாரம் நிற்க, கம்பத்தடியில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, அதைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு ஏறுவாள். மேலே போயும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பாள். "ஸ்கிரீன்லதான் ஆஃப்னு இருக்கே" என்றால், "அது கம்பத்துக்குத் தெரியாதுடா" என்பாள்.

அன்றைக்கு ஏன் பிடுங்கவில்லை? கம்பத்தில் ஒருவர் ஏறினால் எல்லோரும் ஒரே போன் அழைப்பில் இருப்பது எங்கள் வழக்கம். நான், ராஜா, முருகேசன் அண்ணன், மேற்பார்வையாளர், எல்லோரும் இருந்தோம்.

"சார், கனெக்ஷன் லூசு. பியூஸ புடுங்கிட்டு முறுக்கிக்கிறேன்."

"புடுங்குனா அத்தனை லைட்டும் செவப்பாயிரும்மா. ஆபீசருங்க ஸ்கிரீன் முன்னாடி ஒக்காந்துருக்காங்க. அப்படியே முறுக்கிட்டு எறங்கு."

"அப்ப க்ளவுஸாச்சும் குடுங்க சார்."

"அடுத்த மாசம் வருதும்மா. ஏறு."

அதிகாரிகளுக்குப் பச்சை தெரிய வேண்டும், அதற்கு மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் வெறும் கையை விட வேண்டும். இதுதான் இவர்கள் மேடை போட்டுப் பேசும் நவீன விளக்கு.

விசாரணையில் நான் கேட்டதைச் சொன்னேன். முருகேசன் அண்ணன், "சிக்னல் சரியில்லைங்க, ஒண்ணும் கேக்கல" என்றார். ராஜாவும் அதையே சொன்னான். வெளியே வந்து, "எனக்கும் புள்ளகுட்டி இருக்குடா" என்று என் தோளைத் தொட்டான். தட்டிவிட்டேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டவர்கள் இவர்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். அவள் அம்மா கேட்டார்: "ஏந்தம்பி, பியூஸ புடுங்க மறந்துட்டாளாமே? அடுப்ப அணைச்சாச்சான்னு மூணு தடவ வந்து பாக்குறவளாச்சே." மறக்கவில்லை, பிடுங்க வேண்டாமென்று உத்தரவு என்றேன். "அப்ப மத்தவுங்க ஏம்ப்பா ஒண்ணும் கேக்கலங்கிறாங்க?" என்றார். அவளுடைய டெஸ்டரை என் கையில் வைத்தார். அது இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. பியூஸைப் பிடுங்காமல் இனி நான் எந்தக் கம்பத்திலும் ஏறப்போவதில்லை.

நேற்று அதே கம்பத்தில் எனக்கு வேலை. அதே அழைப்பில் எல்லோரும் இருந்தார்கள். பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டேன்: "முருகேசண்ணே, ராஜா, அன்னைக்குக் கேட்டத அவுங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க."

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அவர்கள் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.